டன்சினனுக்கு நடந்து வந்த காடு: ‘மக்பெத்’ நாடகத்தில் குறியும் பேயும் செய்கிற வேலை

இலங்கை மலையகத்தின் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன் என்றொரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 2018இல் இந்திய உதவியில் கட்டிய வீடுகள் கையளிக்கப்பட்டபோது செய்திகளில் அடிபட்ட அதே தோட்டம். ஸ்கொட்லாந்தின் பேர்த் பகுதியில் இதே பெயரில் ஒரு குன்று உண்டு. ஷேக்ஸ்பியரின் மக்பெத் கடைசியில் கோட்டைக்குள் ஒடுங்கிக் கிடப்பது அந்தக் குன்றில்தான். மலைநாட்டில் தோட்டம் திறந்த வெள்ளைக்காரத் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். ஹோலிரூட், எடின்பரோ, பல்மோரல், டன்சினன் என்று சொந்த ஊர்ப் பெயர்களை மலைக்கு மலை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“பர்னம் காடு டன்சினன் குன்றுக்கு ஏறி வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை” என்று மூன்று கிழவிகள் மூலம் மக்பெத்துக்கு ஒரு வாக்கு சொல்லப்படுகிறது. காடு வருகிறது, அவன் தோற்கிறான். அப்படியானால் எல்லாம் முதலிலேயே எழுதப்பட்டதுதானா? அந்த மூன்று கிழவிகள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மக்பெத் கொன்ற டங்கன் அரசன் உயிரோடு இருந்திருப்பானா? நாடகத்தைப் பாடமாகப் படிப்பவர்களும் மேடையேற்ற நினைப்பவர்களும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ‘விதி’ என்றோ ‘பேராசை’ என்றோ ஒரே சொல்லில் விடை எழுதி முடித்துவிடுகிற வழக்கமும் இருக்கிறது. இரண்டு விடையுமே அரைகுறை. பேயும் குறியும் இந்த நாடகத்தில் எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் முடிச்சு அவிழும்.

கதை, தேவையான அளவுக்கு

1. போரில் வென்று திரும்பும் தளபதிகள் மக்பெத்தும் பாங்கோவும் ஒரு பொட்டல்வெளியில் மூன்று பெண்களைச் சந்திக்கிறார்கள். கிளாமிஸ் பிரபுவே, கோடர் பிரபுவே, நாளைய அரசனே என்று மக்பெத்தை அவர்கள் வாழ்த்துகிறார்கள். பாங்கோவிடம், நீ அரசனாக மாட்டாய், உன் வம்சம் அரசாளும் என்கிறார்கள்.

2. கோடர் பட்டம் உடனே வந்து சேர்கிறது. மனைவி தூண்ட, தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த டங்கனை மக்பெத் தூக்கத்தில் குத்திக் கொன்று அரசனாகிறான்.

3. பாங்கோவின் வம்சத்துக்குப் பயந்து ஆள் வைத்து அவனைக் கொல்கிறான். மகன் தப்பிவிடுகிறான். அன்றிரவு விருந்தில் பாங்கோவின் ஆவி வந்து நாற்காலியில் உட்காருகிறது.

4. மக்பெத் தானாகவே அந்தப் பெண்களைத் தேடிப் போகிறான். மக்டஃப் என்ற பிரபுவிடம் கவனமாக இரு, ஒரு பெண் பெற்றெடுத்த எவனாலும் உனக்குத் தீங்கில்லை, பர்னம் காடு வரும்வரை தோல்வியில்லை என மூன்று வாக்குக் கிடைக்கிறது.

5. மனைவி தூக்கத்தில் நடந்து, இல்லாத இரத்தத்தைக் கழுவி, கடைசியில் இறந்துபோகிறாள். காடு வருகிறது. தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட மக்டஃப் அவனை வெட்டுகிறான்.

‘சூனியக்காரி’ என்று மொழிபெயர்ப்பதில் உள்ள சிக்கல்

தமிழில் இந்த மூவரையும் பெரும்பாலும் சூனியக்காரிகள் என்கிறோம். நம் பேச்சில் சூனியக்காரி என்றால் செய்வினை வைப்பவள். முடியை, காலடி மண்ணை எடுத்துப் போய் ஒருத்தரை முடக்கிப் போடுகிறவள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே, மக்பெத்துக்கு ஏதோ வைத்துவிட்டார்கள், பாவம் அவன் என்ன செய்வான் என்று மனம் போய்விடுகிறது. ஆனால் நாடகம் முழுக்கத் தேடினாலும் மக்பெத் மேல் அவர்கள் ஒரு செய்வினையும் வைப்பதில்லை. அவர்கள் அவனுக்குக் கொடுப்பது பேச்சு மட்டும். பின்னால் வருகிற கொப்பரைக் காட்சியில் தவளையும் பாம்புத் துண்டும் போட்டுக் கிண்டுகிறார்களே என்று கேட்கலாம். அந்தச் சடங்கு காட்சிகளை வரவழைப்பதற்கு. அவனுக்கு ஊட்டுவதற்கல்ல.

மூலத்தில் அவர்கள் தங்களை ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்கிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் ‘வியர்ட்’ என்றால் விசித்திரம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் வேர் விதியைக் குறிப்பது. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் (முதற்பதிப்பு 1577) இவர்கள் விதித் தேவதைகளாகவோ வன தேவதைகளாகவோ இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த நூலின் மரச்செதுக்குப் படத்தில் நன்றாக உடுத்திய மூன்று சீமாட்டிகள் நிற்கிறார்கள். தாடி முளைத்த, வற்றிப்போன உதட்டுக்காரிகளாக அவர்களை மாற்றியவர் ஷேக்ஸ்பியர். பெயரில் விதி, தோற்றத்தில் ஊர்க்கிழவி. இந்த இரண்டையும் அவர் வேண்டுமென்றே ஒட்டவைத்திருக்கிறார் என்பதே என் எண்ணம். பாங்கோவின் முதற் கேள்வியே, நீங்கள் பெண்களா, இந்த மண்ணைச் சேர்ந்தவர்களா என்பதுதான். நாடகம் அதற்குக் கடைசிவரை பதில் சொல்வதில்லை.

சரி, ‘குறிகாரிகள்’ என்று சொன்னால் என்ன? கிட்டத்தில் வருகிறது, ஆனாலும் பொருந்தாது. தோட்டத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காவிட்டால் கோடாங்கியைப் பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு. அந்த வழக்கத்தோடு ஒட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

1. கோடாங்கியிடம் நாம் கேள்வியோடு போகிறோம். முதல் அங்கத்தில் மக்பெத் எதையும் கேட்கவில்லை. குறி தானாக வழிமறித்து நிற்கிறது.

2. கோடாங்கி உடுக்கடித்து ஒரு தெய்வத்தை அழைக்கிறார். பேசுவது மாடசாமி, முனியாண்டி என்று ஆள் தெரியும். இங்கே எந்தத் தெய்வமும் பேசவில்லை, பேசுவது யார் என்பதே புதிர்.

3. கோடாங்கி சொல்கிற குறிக்குப் பரிகாரம் உண்டு. “என்ன செய்யணும் சாமி?” என்று கேட்டால், கோழியோ பொங்கலோ கயிறோ ஏதாவது ஒன்று சொல்லப்படும். குடும்பம் அதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும். மக்பெத்துக்குக் கிடைத்த குறியில் செய்யவேண்டியது என்று ஒன்றுமே இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். வாக்கு பலிக்க இதைச் செய் என்று யாரும் சொல்லாததால், அந்த வெற்றிடத்தை மக்பெத் தானே நிரப்பிக்கொள்கிறான். நிரப்பிய பொருள் கத்தி.

அரசனே பேய்நூல் எழுதிய காலம்

இந்த நாடகம் 1606ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1603இல், ஸ்கொட்லாந்து அரசன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் ஆகிறான். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்கு அரசன் பெயரே சூட்டப்படுகிறது.

ஜேம்ஸுக்குச் சூனியம் விளையாட்டுக் காரியம் இல்லை. டென்மார்க்கிலிருந்து மணப்பெண்ணை அழைத்துவந்த பயணத்தில் கடல் கொந்தளித்தது. அதற்குச் சூனியக்காரிகளே காரணம் என்று 1590இல் வடக்கு பெர்விக் விசாரணைகள் தொடங்கின. அரசனே உட்கார்ந்து விசாரித்தான். சித்திரவதையில் வாக்குமூலம் வாங்கிப் பலரைக் கொன்றார்கள். 1597இல் பேய்களைப் பற்றி அவன் ஒரு நூலும் எழுதினான். 1604இல் இங்கிலாந்தில் சூனியத்துக்கு எதிரான சட்டம் இன்னும் கடுமையாக்கப்பட்டது. சல்லடையில் ஏறிக் கடல் கடந்தார்கள் என்பது பெர்விக் விசாரணையில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. தேயிலை சலிக்கிற சல்லடையைப் பார்த்தவர்களுக்கு அதில் ஏறிக் கடலில் போவது எவ்வளவு பெரிய கதை என்று விளங்கும். நாடகத்தின் முதற் கிழவியும் சல்லடையில்தான் கப்பலைத் துரத்திப் போகிறேன் என்கிறாள். பார்த்திருந்தவர்களுக்கு அது செவிவழிச் செய்தியாகவே பட்டிருக்கும்.

இன்னொரு சங்கதி. ஜேம்ஸ் தன்னைப் பாங்கோவின் வம்சம் என்று நம்பியவன். ஹோலின்ஷெட்டில் பாங்கோ கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவன் சுத்தமானவன். உண்மையில் பாங்கோ என்று ஒருவர் இருந்ததற்கே சான்றில்லை, 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒருவரின் கைச்சரக்கு என்பதே இன்றைய கருத்து. வரலாற்று மக்பெத் 1040 முதல் 1057 வரை பதினேழு ஆண்டு ஆண்டிருக்கிறான். டங்கன் செத்தது படுக்கையில் அல்ல, போரில். விருந்தாளியைத் தூக்கத்தில் குத்தியவன் என்ற பழியை ஷேக்ஸ்பியர்தான் அவன் தலையில் ஏற்றினார். அரசனுக்குப் பிடித்த பேய்ச் சரக்கை வைத்துக்கொண்டே, குற்றம் பேயினுடையது என்று சொல்லித் தப்ப முடியாத ஒரு கதையையும் அதற்குள் ஏற்றிவிட்டார்.

குறி எவ்வளவு தூரம் போகும்?

அந்த எல்லையை நாடகமே மூன்று இடத்தில் கோடு போட்டுக் காட்டுகிறது.

1. *மாலுமி.* ஒரு மாலுமியின் மனைவி மடியில் வைத்துத் தின்ற கொட்டையைக் கேட்டபோது தரவில்லை. அதற்காக அவள் புருஷனை முதற் கிழவி பழிவாங்கப் போகிறாள். தூக்கம் வராமல் செய்வாள், வற்றவைப்பாள், புயலில் அலைக்கழிப்பாள். ஆனால் கப்பலை மூழ்கடிக்க முடியாது என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். மக்பெத் மேடைக்கு வருவதற்குச் சற்று முன்னால் வருகிற பேச்சு இது. அலைக்கழிக்கலாம், கவிழ்க்க இயலாது. நாடகத்தின் அளவுகோலை ஷேக்ஸ்பியர் இங்கே வைத்துவிட்டார். வாசிப்பவர்கள் இதைக் கிழவிகளின் புலம்பல் என்று தாண்டிப்போவதுதான் வருத்தம்.

2. *கோடர் பட்டம்.* கிழவிகள் ‘கோடர் பிரபுவே’ என்றதும் பட்டம் வந்துவிடுகிறது, மக்பெத் ஆடிப்போகிறான். ஆனால் அந்தப் பட்டத்தை டங்கன் முந்தின காட்சியிலேயே கொடுத்துவிட்டது நமக்குத் தெரியும். கிழவிகள் சொன்னது எதிர்காலமே அல்ல, வழியில் வந்துகொண்டிருந்த செய்தி. இந்த வித்தியாசம் பார்வையாளனுக்குத் தெரியும், மக்பெத்துக்குத் தெரியாது. அவன் ஏமாறுகிற விதத்தை நாம் பக்கத்தில் நின்று பார்க்கும்படி காட்சிகளின் வரிசை அமைக்கப்பட்டிருக்கிறது.

3. *பாங்கோ.* ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கிழவிகள். பாங்கோவுக்கும் அரசு பற்றிய வாக்குத்தான் கிடைத்தது. அவன் யாரையும் கொல்லவில்லை. இருட்டின் ஆட்கள் சின்னச் சின்ன உண்மைகளைச் சொல்லி நம்பவைத்துப் பெரிய விஷயத்தில் காலை வாருவார்கள் என்று அங்கேயே எச்சரிக்கிறான். கெட்ட கனவு அவனுக்கும் வருகிறது, ஆசை அவனுக்கும் இல்லாமலில்லை. கை மட்டும் நீளவில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு சோடிச் செடிக்கும் ஒரே மருந்தைப் போட்டு எது மாறுகிறது என்று பார்த்தால் எப்படியோ, அந்தச் சோதனையில் மருந்து போட்டும் மாறாத செடி மாதிரி பாங்கோ நிற்கிறான்.

இதோடு மக்பெத்தின் முதல் எதிர்வினையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ‘அரசனே’ என்று கேட்டவுடன் அவன் திடுக்கிடுகிறான். நல்ல சேதிக்கு ஏன் அதிர்கிறாய் என்று பாங்கோ கேட்கிறான். சற்றுநேரத்தில் மக்பெத்தின் தனிமொழியிலேயே கொலை என்ற சொல் வந்துவிடுகிறது. கிழவிகள் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. அதிர்ஷ்டம் அரசாக்கும் என்றால் நான் அசையாமலே ஆக்கட்டுமே என்றும் ஒருமுறை நினைக்கிறான். டங்கன் தன் மகன் மால்கமைப் பட்டத்துக்கு அறிவித்ததும் அந்த நினைப்பு போய்விடுகிறது. அவன் மனைவி, சீமாட்டி மக்பெத், அவனை உசுப்பும்போது, இந்த யோசனையை நீதானே என்னிடம் முதலில் எடுத்தாய், அப்போது இடமும் இல்லை, நேரமும் இல்லை என்கிறாள். அந்த வரியை வைத்து, கிழவிகளுக்கு முன்பே புருஷன் பெண்சாதிக்குள் இந்தப் பேச்சு இருந்திருக்கிறது என்று வாசிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி.

யார் கண்ணுக்குத் தெரிகிறது?

நாடகத்தில் அமானுஷ்யம் நான்கு முறை வெளிப்படையாக வருகிறது. ஒவ்வொரு முறையும் யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நம்புகிறார்கள் என்ற கணக்கு மாறிக்கொண்டே போகிறது.

1. *கிழவிகள்.* மக்பெத்தும் பாங்கோவும் பார்க்கிறார்கள். சாட்சி உண்டு. ஆகவே அவர்கள் மனப்பிரமை அல்ல.

2. *கத்தி.* கொலைக்குப் போகும் வழியில் காற்றில் தொங்குகிறது. மக்பெத் மட்டும் பார்க்கிறான். பிடித்துப் பார்க்கிறான், அகப்படவில்லை. காய்ச்சல் பிடித்த மூளையின் சிருஷ்டியோ என்று தானே கேட்கிறான். அறிவு இன்னும் வேலை செய்கிறது. பார்வையாளர்களுக்கும் கத்தி தெரிவதில்லை.

3. *பாங்கோவின் ஆவி.* மக்பெத் மட்டும் பார்க்கிறான். இந்தமுறை சந்தேகமே இல்லை, ஆவியோடு வழக்காடுகிறான்.

4. *கொப்பரைக் காட்சிகள்.* கவசம் போட்ட தலை, இரத்தக் குழந்தை, கையில் மரக்கிளையோடு முடிசூடிய குழந்தை, வரிசையாக எட்டு அரசர்கள். இவற்றை அவனே தேடிப்போய்க் கேட்டு வாங்குகிறான்.

முதலில் வெளியே நின்றது, பிறகு அவன் கண்ணுக்குள் நுழைகிறது, கடைசியில் அவனே அதன் வாசலில் போய் நிற்கிறான். பேயின் பலம் கூடியதாக நாடகத்தில் எங்கும் இல்லை. அவன் பக்கத்துக் கதவுதான் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போகிறது.

விருந்துக் காட்சியில் கொஞ்சம் நிற்கவேண்டும். மேசை நிறைய ஆட்கள். புதிய அரசன் உபசரித்துக்கொண்டு திரிகிறான். வாசலில் வந்த கொலையாளியின் முகத்தில் இரத்தம். பாங்கோ முடிந்தான், மகன் தப்பிவிட்டான் என்கிறான் அவன். மக்பெத் திரும்பி வந்து, பாங்கோ மட்டும் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சபைக்குக் கேட்கும்படி சொல்கிறான். உட்காருங்கள் அரசே என்கிறார்கள். மேசை நிரம்பியிருக்கிறதே என்கிறான். இதோ உங்கள் இடம் என்று நாற்காலியைக் காட்டுகிறார்கள். எங்கே என்கிறான். அவர்களுக்கு அது வெற்று நாற்காலி. அவனுக்கு அது ஆள் இருக்கிற நாற்காலி. அரசு, வாரிசு, விருந்து எல்லாம் ஒரு நாற்காலியில் வந்து முட்டுகிற இடம். சீமாட்டிக்கும் ஆவி தெரிவதில்லை. டங்கன் கொலையைப் பங்குபோட்ட இருவரும் அன்றிரவு இரண்டு உலகத்தில் நிற்கிறார்கள்.

‘ஹம்லெட்’ நாடகத்து ஆவியோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். அங்கே தந்தையின் ஆவியைக் காவல்காரர்களும் நண்பன் ஹொரேஷியோவும் முதலில் பார்த்துவிடுகிறார்கள். அந்த ஆவிக்குப் பேச்சுண்டு, கோரிக்கையுண்டு, பழிவாங்கு என்று மகனை ஏவுகிறது. பாங்கோவின் ஆவி ஒரு வார்த்தை பேசுவதில்லை. தலையை ஆட்டுகிறது, அவ்வளவுதான். ஏவுவதற்கு அதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

சகுனங்களும் உண்டு. கொலை நடந்த இரவில் ஆந்தை அலறுகிறது, புகைபோக்கிகள் சரிகின்றன, டங்கனின் குதிரைகள் ஒன்றையொன்று கடித்துத் தின்கின்றன. நமக்கு இது பழகிய முறை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் குடத்துப் பால் உறையாததும், எருதின் கண்ணில் நீர் வழிவதும் நினைவுக்கு வரும். ஆனால் சிலம்பு ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டே கதை சொல்கிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம் மக்பெத்தையும் அதே கண்ணாடியால் பார்த்துவிடுகிறோம். கோவலன் எதுவும் செய்யாமலே வெட்டுப்படுகிறான். மக்பெத் கூடாது என்பதற்கான காரணங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் குத்துகிறான். உறவினன், குடிமகன், விருந்தளிப்பவன் என்று தனக்குத் தானே மூன்று தடை சொல்கிறான். அதைத் தாண்டினால் ஊழ் மேல் பழிபோட இடமேது?

கடைசி அங்கத்தில் பேய் இல்லை

பலரும் கவனிக்காத ஒன்று இது. ஐந்தாம் அங்கத்தில் கிழவிகள் வருவதில்லை. ஆவி வருவதில்லை. காற்றில் எதுவும் தொங்குவதில்லை. நடக்கவே முடியாது என்று தோன்றிய இரண்டு வாக்கும் மிகச் சாதாரண முறையில் பலித்துவிடுகின்றன.

*காடு.* பர்னத்துக்கும் டன்சினனுக்கும் இடையே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். எதிரிக்கு எண்ணிக்கை தெரியக்கூடாது என்று ஆளுக்கொரு கிளையை வெட்டி முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கும்படி மால்கம் உத்தரவிடுகிறான். முழுக்கவும் படைத்தந்திரம். கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து பெண்கள் வரிசையாக, வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மூடுபனிக்குள் இறங்குவதைத் தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது கஷ்டமான காட்சி அல்ல. ஆள் தெரியாது, கால் தெரியாது, மிலாறு மட்டும் அசைந்து வரும். கோட்டைக் காவல்காரன் வந்து காடு நகர்கிறது என்று சொன்னது பொய்யல்ல.

*ஒரு பெண் பெற்றெடுக்காதவன்.* மக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து முன்கூட்டியே எடுக்கப்பட்டவன். இன்று சீசர் என்று சாதாரணமாகச் சொல்கிறோம், தாயும் பிள்ளையும் நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அக்காலத்தில் இறந்த அல்லது இறந்துகொண்டிருக்கும் தாயிடமிருந்து பிள்ளையை மீட்கச் செய்த கடைசி வேலை அது. ஆகவே ‘ஒரு பெண் பெற்றெடுத்தவன்’ என்ற சொல்லுக்குள் அவன் அடங்கவில்லை என்ற வாதம் அன்றைய காதுக்கு இன்னும் கூர்மையாகக் கேட்டிருக்கும்.

இப்படி உண்மையையே இரட்டை நாக்கால் பேசுவதற்கு அன்றைய லண்டனில் ஒரு சூடான அரசியல் பொருள் இருந்தது. 1605 நவம்பரில் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதைத் தொடர்ந்து 1606இல் ஹென்றி கார்னெட் என்ற யேசுசபைக் குருவானவர் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது, பொய் சொல்லாமலே கேட்பவனைத் தவறாக எண்ணவைக்கும் பேச்சுமுறை. நாடகத்தில் குடிபோதையில் வாசல் திறக்கவரும் காவலாளி, இரட்டைப் பேச்சுக்காரன் ஒருவனை நரகத்துக்குள் வரவேற்பதாக நடிக்கிறான். கிழவிகளின் தொழிலும் அதே இரட்டைப் பேச்சுத்தான். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. காதுக்கு வாக்கைக் காத்து, நம்பிக்கைக்கு அதை முறித்துவிட்டார்கள் என்று மக்பெத் சாகும்முன் புலம்புவது இதைத்தான்.

ஹெக்கடி என்ற பேய்த்தலைவி வருகிற பகுதிகளைப் பற்றி ஒரு வரி. அவை தொமஸ் மிடில்டன் என்ற இன்னொரு நாடகாசிரியரின் பிற்சேர்க்கை என்று அறிஞர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள். நாடகம் அச்சில் வந்ததே ஷேக்ஸ்பியர் இறந்தபின், 1623இல். மக்பெத்தை எப்படி ஏமாற்றப்போகிறோம் என்று ஹெக்கடி விளக்கவுரை நடத்துகிறாள். வெட்டிவிட்டு நடித்தால் நட்டமில்லை.

கூத்துத் திடலிலிருந்து பார்த்தால்

மலையகத்தில் நாடகம் பார்க்கும் கண்ணைப் பழக்கியது மேடையைவிடக் கூத்துத் திடல். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்தில், தப்பைத் தீயில் சூடு காட்டி அடிக்கத் தொடங்கியதும், வேடம் கட்டிய நம் வீட்டு ஆளே சாமியாகிவிடுகிறார். வீரபத்திரர் வேடத்துக்கு அருள் வந்தால் நாலு பேர் பிடிக்கவேண்டியிருக்கும். பார்க்கிறவர்கள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கை கும்பிட்டபடிதான் இருக்கும். அங்கே தெய்வம் கதைக்குள் மட்டும் இல்லை, திடலிலேயே இருக்கிறது. சிவன் கண்ணைத் திறந்தால் மன்மதன் எரிந்தே ஆகவேண்டும், ஊரே அதைப் பார்க்கும்.

‘மக்பெத்’ இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அமானுஷ்யம் ஊருக்குப் பொதுவாக இருந்து ஒருத்தனுடைய தனிச்சொத்தாகச் சுருங்குகிறது. இதற்கு ஓர் ஒப்புமை காமன் கதைக்குள்ளேயே கிடைக்கிறது. எரிந்த மன்மதனுக்காக ரதி அழுது மன்றாடுகிறாள். சிவன் இரங்கி, உயிர் தருகிறேன், ஆனால் அவன் உன் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்று வரம் கொடுக்கிறார். மற்ற எல்லாருக்கும் அவன் உருவமில்லாதவன். இறந்த ஒருவன் ஒரே ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் தெரிவது ரதிக்கு வரம். அதே ஏற்பாடு மக்பெத்துக்குத் தண்டனை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது, செத்தவனைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்வி.

இதிலிருந்து மேடையேற்றுபவர்களுக்குச் சில காரியங்கள் தெளிவாகும்.

1. கிழவிகளுக்குச் சாமியாட்டம் வைத்தால் பார்வையாளர்கள் அதைத் தெய்வவாக்காகவே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் மக்பெத் என்ன செய்தாலும் அது விதிதான். அருள் வந்த உடல்மொழியை விலக்கி, அவர்களைச் சாதாரணக் கிழவிகளாக, கொட்டை தராத அயல்வீட்டுக்காரியைத் திட்டுகிறவர்களாகத் தொடங்குவது நல்லது. அச்சம் தானாக வரும்.

2. மூலத்தில் மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் நீண்ட, நிதானமான அடிகள். கிழவிகளுக்கு மட்டும் குறுகிய, எதுகையோடு துள்ளும் அடிகள். தமிழில் எல்லாரையும் ஒரே உரைநடையில் பேசவிட்டால் இந்த வேறுபாடு செத்துப்போகும். கிழவிகளுக்குச் சிந்து நடை ஒத்துவரும்.

3. பாங்கோவின் ஆவியாக நடிகர் வரவேண்டுமா, நாற்காலியை வெறுமையாக விடவேண்டுமா என்பது பழைய வழக்கு. 1611இல் குளோப் அரங்கில் நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன், ஆவி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததை எழுதிவைத்திருக்கிறார். அன்று ஆள் வந்திருக்கிறது. ஆள் வந்தால் நாம் மக்பெத்தின் கண்ணால் பார்க்கிறோம். வெறுமையாக விட்டால் விருந்தாளிகளோடு உட்கார்ந்து அவனைப் பார்க்கிறோம். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். அவன் பார்ப்பதை நாமும் பார்த்துவிட்டு, மற்றவர்கள் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்வதில் ஒரு குளிர் இருக்கிறது.

4. தப்பு வைத்திருப்பவர்கள் போர்க்காட்சிக்கும் காடு நகரும் காட்சிக்கும் தாராளமாக அடிக்கலாம். பாங்கோ உள்ளே வரும்போது மட்டும் வேண்டாம். தப்புச் சத்தம் சாமி வருவதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். அந்த விருந்தில் வந்திருக்கிறவனை ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும்.